கம்மல் போட்டா காது புண்ணாகுதா? கை வெடிக்குதா?
தோல் ஒவ்வாமை பற்றி அறிவோம்



தேவகோட்டை பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஃபேன்சி கடையில கம்மல் வாங்குறோம். பளபளன்னு தங்கம் மாதிரியே இருக்கு. கல்யாண வீட்டுக்குப் போட்டுட்டுப் போறோம். ரெண்டாம் நாள் காதுச் சோணை சிவந்து அரிக்குது. நாலாம் நாள் நீர் கசியுது. வீட்டுல அப்பத்தா கேட்கிற முதல் கேள்வி, "கத்தரிக்கா தின்னியா? கருவாடு தின்னியா?" என்பதுதான். கரப்பான் பண்டம் என்று சொல்லி ஒரு மாசத்துக்குச் சாப்பாட்டை நிறுத்துவாங்க. கம்மலை மட்டும் யாரும் சந்தேகப்படுறதில்லை. புண் ஆறினதும் அதே கம்மலை அடுத்த விசேஷத்துக்கு மறுபடியும் மாட்டுவோம். மறுபடியும் அரிக்கும்.

இதற்குப் பெரும்பாலும் காரணம் நிக்கல் என்ற உலோகம். உலகம் முழுவதும் தொடுவதால் வரும் ஒவ்வாமைகளில் முதல் இடத்தில் இருப்பது இதுதான். ஆண்களை விடப் பெண்களுக்குத்தான் அதிகம். காரணம் நம் உடம்பில் இல்லை, நாம் காது குத்திக் கொள்வதிலும் நகை போடுவதிலும் இருக்கிறது.

நிக்கல் எங்கே இருக்கு?

நிக்கல் வெள்ளி மாதிரி வெளுப்பாக, துரு பிடிக்காமல், மினுமினுப்பாக இருக்கும் உலோகம். 1751-ஆம் ஆண்டு சுவீடன் நாட்டைச் சேர்ந்த குரோன்ஸ்டெட் என்பவர் இதைத் தனி உலோகம் என்று கண்டுபிடித்தார். அதற்கு முன்பு ஜெர்மனி சுரங்கத் தொழிலாளர்கள் செம்புக் கல் என்று நினைத்து இதை வெட்டி எடுத்து, உருக்கிப் பார்த்தால் செம்பே வராதாம். ஏதோ குட்டிச்சாத்தான் செம்பைத் திருடிக்கிட்டுப் போயிட்டான் என்று அந்தச் சாத்தான் பேரையே கல்லுக்கு வைத்துவிட்டார்கள். நிக்கல் என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

விலை மலிவான நகைகளில் பித்தளை அல்லது செம்பு மேல் முதலில் நிக்கல் முலாம் பூசி, அதற்கு மேல் மெல்லிசாகத் தங்க நிற முலாம் பூசுவது உண்டு. நிக்கல் அடியில் இருந்தால் மேல் பூச்சு பளிச்சென்று நிற்கும். இப்படி மின்சாரத்தின் மூலம் ஒரு உலோகத்தின் மேல் இன்னொன்றைப் படிய வைப்பது மின்வேதியியல். இந்த விஷயத்துக்கென்றே நம் காரைக்குடியில் சிக்ரி ஆய்வு நிலையம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறந்தது. பஸ்ஸில் போகும்போது சிக்ரி ஸ்டாப்பிங்கைத் தினமும் பார்க்கிறோம். நம் காதில் கிடக்கும் கம்மலுக்கும் அந்தப் படிப்புக்கும் சம்பந்தம் உண்டு என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்!

கவரிங் நகை எல்லாமே கெடுதல் என்று நாம் சொல்லவில்லை. செம்பு மேல் நேராகத் தங்க முலாம் பூசியதும் உண்டு. ஆனால் கடையில் பார்த்து எது எப்படி என்று சொல்ல முடியாது. மேல் பூச்சு தேய்ந்து வெள்ளையாகத் தெரிய ஆரம்பித்தால் உஷாராக வேண்டும்.

ஜெர்மன் சில்வர் என்று குங்குமச் சிமிழ், தட்டு, கொலுசு, மெட்டி எல்லாம் விற்கிறார்களே, அதில் ஒரு பொட்டு வெள்ளி கூடக் கிடையாது. செம்பு, துத்தநாகம், நிக்கல் மூன்றும் சேர்ந்த கலவை அது. பூஜைத் தட்டாக இருந்தால் பாதகமில்லை. மெட்டியாக விரலில் மாட்டினால் சிலருக்குப் பிரச்சினை வரும்.

இன்னும் கேளுங்கள். ஜாக்கெட் கொக்கி, கைக்கடிகாரத்தின் பின் மூடி, பிள்ளைகள் போடும் ஜீன்ஸ் பேண்டு பட்டன், மூக்குக் கண்ணாடி பிரேம், இடுப்பில் சொருகும் சாவிக் கொத்து, தலை கிளிப்பு. எல்லாவற்றையும் விட முக்கியமாக ஊக்கு. நம்ம பக்கம் தாலிக் கயிற்றில் ரெண்டு மூணு ஊக்கு தொங்காத பொம்பளை யாரு? நெஞ்சுக் குழியில் வட்டமாக ஒரு இடம் மட்டும் கறுத்துத் தடித்து அரித்துக்கொண்டே இருந்தால், அந்த இடத்தில் ஊக்கு உரசுகிறதா என்று முதலில் பாருங்கள். தொப்புளுக்குக் கீழே ஒரு ரூபாய் அளவுக்குப் படை வந்திருக்கிற பெண் பிள்ளைக்கு ஜீன்ஸ் பட்டனைப் பாருங்கள். புண் இருக்கிற இடமே காரணத்தைக் காட்டிக் கொடுக்கும்.

எப்படி வருகிறது?

வியர்வையில் உப்பு இருக்கிறது. அது நிக்கலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. கரைந்தது தோலுக்குள் இறங்குகிறது. அதனால்தான் சித்திரை வைகாசி வெயிலில் அரிப்பு கூடுகிறது, மார்கழியில் அடங்குகிறது.

நம் உடம்புக்குள் காவல்காரர்கள் மாதிரி வெள்ளை அணுக்கள் இருக்கின்றன. நிக்கல் முதல் தடவை உள்ளே வரும்போது அவை அதன் முகத்தை அடையாளம் பிடித்து வைத்துக்கொள்கின்றன. அப்போது வெளியே ஒன்றும் தெரியாது. பத்து வருஷம் ஒன்றும் செய்யாமல் கூட இருக்கலாம். ஒரு தடவை 'இவன் எதிரி' என்று பதிந்துவிட்டால், பிறகு எப்போது வந்தாலும் படை திரட்டிக்கொண்டு வந்துவிடும். அந்தச் சண்டைதான் சிவப்பு, தடிப்பு, நீர்க்கொப்புளம், அரிப்பு.

இந்தப் படை திரண்டு வர ஒரு நாளில் இருந்து மூன்று நாள் வரை ஆகும். ஞாயிற்றுக்கிழமை போட்ட கம்மலுக்குச் செவ்வாய்க்கிழமைதான் அரிப்பு வரும். அதற்குள் கம்மலைக் கழற்றி டப்பாவில் போட்டிருப்போம். திங்கட்கிழமை சாப்பிட்ட கத்தரிக்காய் மேல் பழி விழுந்துவிடும்.

"இத்தனை வருஷமா போடுறேனே, இப்ப மட்டும் எப்படி?" என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ஒவ்வாமை அப்படித்தான். பிறவியிலேயே வருவது கிடையாது, பழகிப் பழகித்தான் வரும். ஒரு தடவை வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுளுக்கும் போகாது. மருந்தால் புண்ணை ஆற்றலாம், அந்த அடையாளத்தை அழிக்க முடியாது. நிக்கலைத் தொடாமல் இருந்தால் புண் வராது, அவ்வளவுதான்.

காதுகுத்து

நாம் அதிகம் யோசிக்க வேண்டிய இடம் இதுதான். காது குத்தின துளை ஒரு பச்சைப் புண். அதில் நிக்கல் கம்பியை மாட்டினால், தோல் என்ற வேலியே இல்லாமல் நேராக உள்ளே போகிறது. பச்சைப் புண்ணில் நிக்கல் படுவதுதான் ஒவ்வாமை ஆரம்பிக்க மிகவும் சுலபமான வழி.

டென்மார்க் என்ற நாட்டில் இதைக் கவனித்து, தோலில் படும் பொருள்களில் இருந்து நிக்கல் இவ்வளவுக்கு மேல் கசியக் கூடாது என்று 1990-களின் தொடக்கத்தில் சட்டமே கொண்டுவந்தார்கள். பிறகு பள்ளிக்கூடப் பெண் பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். 1992-க்கு முன்பு காது குத்தியவர்களில் 100-க்கு 17 பேருக்கு நிக்கல் ஒவ்வாமை இருந்தது. அதற்குப் பிறகு குத்தியவர்களில் 100-க்கு 4 பேருக்குத்தான் இருந்தது. கம்மல் போடுவதை யாரும் நிறுத்தவில்லை. கம்மல் எதில் செய்தது என்பதை மட்டும் மாற்றினார்கள். ஐரோப்பா முழுவதற்கும் 1994-இல் இதே மாதிரி விதி வந்தது.

நம்ம ஊரில் சட்டத்துக்கு முன்பே ஒரு வழக்கம் இருந்தது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்து, தங்கத் தோடு மாட்டி, துளை சீழ் வைத்தால் வேப்பங்குச்சி சொருகி விடுவார்கள். பெரியவர்களுக்கு நிக்கல் தெரியாது. ஆனாலும் தங்கமும் வேப்பங்குச்சியும் நிக்கல் இல்லாத பொருள்கள். இப்போது தங்கம் விற்கிற விலையில் நிறையத் தாய்மாமன்கள் கவரிங் தோட்டை மாட்டிவிட்டு, "பெறகு தங்கத்துல செஞ்சு போடுறேன்" என்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. நாம் சொல்வது ஒன்றுதான்: சீர்த் தட்டில் ஒன்று குறைந்தாலும் பரவாயில்லை, முதல் கம்பி மட்டும் எள்ளளவு இருந்தாலும் 916 தங்கமாக இருக்கட்டும். 22 காரட் தங்கத்தில் மீதி சேர்ப்பது பெரும்பாலும் செம்பும் வெள்ளியும்தான். அதுவும் முடியவில்லை என்றால் காதுகுத்தைத் தள்ளிப் போடுங்கள். பிள்ளைக்கு ரெண்டு வயசில் குத்தாவிட்டால் ஒன்றும் குடி முழுகாது. துளை நன்றாக ஆறிப் பொருந்திய பிறகு எப்போதாவது கவரிங் போடுவது வேறு, பச்சைப் புண்ணில் போடுவது வேறு.

வேலையால் வருவது

நகையோடு இது முடியவில்லை. நம் குழுக்களில் நகை கோக்கிற வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள், தையல் வேலை, சோப்பு ஆயில் பினாயில் தயாரிப்பு, பலகாரம், கொட்டான் பின்னுதல், சித்தாள் வேலை என்று பல வேலை. இதில் எந்த வேலையும் கையால் செய்வதுதான். கை போனால் கடன் தவணை எங்கிருந்து கட்டுவது?

நமது கூட்டமைப்பில் உள்ள ஒரு குழு உறுப்பினருக்கு நடந்ததைச் சொல்கிறோம், பெயர் வேண்டாம். செயற்கை நகை செய்யப் பயிற்சி எடுத்து, உள்கடன் வாங்கி, வீட்டிலேயே வளையமும் கொக்கியும் பிளையரில் பிடித்துக் கோத்துக் கொடுத்து வந்தார். எட்டு மாதத்தில் வலது கை பெருவிரலும் ஆள்காட்டி விரலும் கொப்புளம் போட்டு, தோல் உரிந்து, வெடித்துவிட்டது. அவர் அதே குழுவில் முறுக்கு சுற்றும் வேலையும் செய்வார். "அந்தக் கையால மாவு பிசைய வேண்டாம்" என்று குழுவில் ரெண்டு பேர் சொன்னார்கள். பிறகு அவர் பக்கத்தில் உட்காரவே தயங்கினார்கள். ஒருத்தர் குஷ்டமாக இருக்குமோ என்றும் கேட்டுவிட்டார். அந்த அக்கா ரெண்டு கூட்டத்துக்கு வரவில்லை. சேமிப்பை மகளிடம் கொடுத்து அனுப்பினார்.

சகோதரிகளே, இதை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். ஒவ்வாமைப் புண் ஒட்டுவாரொட்டி கிடையாது. தொட்டாலும், ஒரே தட்டில் சாப்பிட்டாலும், ஒரே துண்டில் துடைத்தாலும் பரவாது. கையில் திறந்த புண்ணோ நீர்க் கசிவோ இருக்கும்போது மாவு பிசையாமல் இருப்பது சுத்தத்துக்காகச் சரி. அது எந்தப் புண்ணுக்கும் பொருந்தும். ஆனால் பக்கத்தில் உட்காராமல் இருப்பதற்கு ஒரு நியாயமும் இல்லை.

எதுக்கும் எது என்று தெரிந்து வைத்துக்கொள்வோம். ராத்திரியில் அரிப்பு தாங்காமல், விரல் இடுக்கு, இடுப்பு எல்லாம் பொரிப் பொரியாக, வீட்டில் மற்றவர்களுக்கும் இருந்தால் அது சொறி சிரங்கு. அது ஒட்டும், வீட்டில் எல்லாரும் ஒரே நேரத்தில் மருந்து போட வேண்டும். வட்ட வட்டமாக ஓரம் தடித்துப் பரவினால் படர்தாமரை. தொழுநோய்த் தேமல் அரிக்காது, தொட்டால் உணர்ச்சி இருக்காது. அதற்கும் அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாக மருந்து உண்டு, முழுதாகக் குணமாகும், அந்தப் பேரைச் சொல்லி யாரையும் ஒதுக்குவதற்கு இடமில்லை.

அந்த அக்காவுக்குப் பேட்ச் டெஸ்ட் என்ற சோதனை செய்ததில் நிக்கல் என்று தெரிந்தது. இப்போது கோக்கிற வேலையை விட்டுவிட்டு, அட்டையில் மாட்டிப் பாக்கெட் போடுவதும் கணக்கு எழுதுவதும் அவர் பொறுப்பு. கை முக்கால்வாசி ஆறிவிட்டது. முறுக்குக்கும் திரும்பிவிட்டார். கூலி முன்பை விடக் குறைவுதான், அதை மறைக்க வேண்டியதில்லை.

எல்லாக் கைப் புண்ணும் நிக்கல் ஒவ்வாமை அல்ல. சொல்லப் போனால் வேலையால் வருவதில் அதிகம் இன்னொரு வகை. அதற்கு ஒவ்வாமை தேவையே இல்லை, பொருளின் காரமே தோலை அரித்துவிடும். சோப்பு ஆயிலுக்குப் போடும் காஸ்டிக் சோடா, பிளீச்சிங் பவுடர், ஈர சிமெண்டு, நாள் முழுக்கப் பாத்திரம் தேய்க்கிற தண்ணீர், ஓலைக்குச் சாயம் ஏற்றும் கொதி நீர். சேத்துப்புண் பற்றி நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. இப்படிக் காரத்தால் வெடித்த கையில் ஒவ்வாமை சுலபமாக நுழைந்துவிடும் என்பதுதான் கவலை. ஒன்று வாசலைத் திறந்துவிடும், இன்னொன்று உள்ளே வரும்.

ஆத்தங்குடிக் கல் போடுகிற இடத்திலும் கட்டட வேலையிலும் சிமெண்டு படுகிறது. சிமெண்டில் குரோமியம் என்ற இன்னொரு உலோகம் உண்டு. நிக்கல் மாதிரியே அதற்கும் ஒவ்வாமை வரும், கட்டட வேலை செய்பவர்களுக்கு அதுதான் முக்கியமான எதிரி. ஐரோப்பாவில் 2005 முதல் சிமெண்டில் கரையும் குரோமியத்துக்கு அளவு வைத்திருக்கிறார்கள். சித்தாள் வேலை செய்கிற நாம் செய்யக் கூடியது, வேலை முடிந்ததும் என்று தள்ளாமல் இடைவேளையிலேயே கை காலைக் கழுவிவிடுவது.

வெள்ளைப் பூண்டு உரிப்பவர்களுக்கு இடது கை விரல் நுனி மட்டும் வெடிக்கும், ஏனென்றால் பூண்டைப் பிடிப்பது அந்தக் கை. களை எடுக்கப் போகிறவர்களுக்குப் பார்த்தீனியம் பூடு. 1950-களில் புனே பக்கம் முதலில் தெரிந்த இந்தப் பூடு இப்போது நம் கண்மாய்க் கரை வரைக்கும் வந்துவிட்டது. அதன் தூசி காற்றில் பறந்தே முகம், கழுத்து, கண் இமை எல்லாம் தடிக்க வைக்கும். ஸ்டிக்கர் பொட்டு வைக்கிற இடம் வெளுத்தால் அது பசையில் உள்ள ரசாயனம். பொட்டை நிறுத்துங்கள், குங்குமம் அல்லது சாந்து ஒத்துக்கொள்கிறதா என்று பாருங்கள்.

எவர்சில்வர் பாத்திரத்தை என்ன செய்வது?

இந்தக் கேள்வி கட்டாயம் வரும். நல்ல எவர்சில்வரில் 100-க்கு 8 பங்கு நிக்கல் இருக்கிறது. சீராக வந்த பாத்திரத்தை எல்லாம் தூக்கிப் போட வேண்டுமா? வேண்டாம். அதில் நிக்கல் கெட்டியாகப் பிணைந்திருக்கிறது, தொட்டால் வருவதில்லை. நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்களும் எவர்சில்வரில் சமைக்கலாம், சாப்பிடலாம். புளிக் குழம்பை மட்டும் புதுப் பாத்திரத்தில் இரவெல்லாம் வைக்காமல் மண் சட்டியில் வைத்தால் நல்லது.

காந்தம் ஒட்டினால் நிக்கல் என்று சிலர் சொல்வதை நம்ப வேண்டாம். காந்தம் ஒட்டாத எவர்சில்வரில்தான் நிக்கல் இருக்கிறது. ஜெர்மன் சில்வரிலும் காந்தம் ஒட்டாது. சரியான சோதனை வேறு. டைமெத்தில் கிளையாக்சைம் என்ற மருந்தையும் அம்மோனியாவையும் பஞ்சில் தொட்டு நகையில் தேய்த்தால், நிக்கல் கசிந்தால் பஞ்சு ரோஸ் நிறமாகும். நம் பிள்ளைகளில் யாராவது வேதியியல் படித்தால் கேளுங்கள், அவர்கள் கல்லூரி ஆய்வகத்தில் பார்த்திருப்பார்கள்.

சில்லறை நாணயமும் கேட்பீர்கள். 2019-இல் அறிவித்த 20 ரூபாய் நாணயத்தின் வெளி வளையத்தில் 100-க்கு 20 பங்கு நிக்கல். பெட்டிக் கடை நடத்துபவர்களில் ஏற்கனவே ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும் காசை உள்ளங்கையில் வியர்க்க வியர்க்க வைத்திருக்காமல் டப்பாவில் போட்டுக்கொண்டால் போதும்.

உணவு பற்றி ஒரு வார்த்தை. பருப்பு, பயறு, கம்பு, கேழ்வரகு, கடலை இவற்றில் இயற்கையாகவே கொஞ்சம் நிக்கல் உண்டு. கையில் கொப்புளம் அடங்காத சிலருக்கு மருத்துவர் குறைக்கச் சொல்வார். நீங்களாக நிறுத்தாதீர்கள். நமக்கு ஏற்கனவே ரத்தம் கம்மி. பருப்பையும் நிறுத்தினால் உடம்பில் என்ன மிஞ்சும்? இரும்புச் சத்து குறைந்த உடம்புதான் நிக்கலை அதிகமாக உறிஞ்சும். கீரையும் நெல்லிக்காயும் சேர்த்துக்கொள்ளுங்கள், சத்து மாத்திரையைத் தவறாமல் போடுங்கள்.

கையைக் காப்பது

தையல் அக்காமார்கள் கத்தரிக்கோல் பிடியில் துணி சுற்றிக்கொள்ளலாம், குண்டூசியை உதட்டில் கடிக்கிற பழக்கத்தை விடலாம். ஜாக்கெட் கொக்கிக்கு உள்பக்கம் ஒரு துண்டுத் துணி வைத்துத் தையுங்கள். ஊக்கைத் தாலிக் கயிற்றில் இருந்து எடுத்து முந்தானைக்கு மாற்றுங்கள். கம்மல் தண்டிலும் பட்டனிலும் நிறமில்லாத நகப்பூச்சு ரெண்டு மூணு தடவை தடவினால் சில நாள் தாங்கும். தேய்ந்ததும் மறுபடி தடவ வேண்டும், வியர்வை நாளில் அதை முழுதாக நம்ப வேண்டாம்.

ஈர வேலைக்குக் கையுறை போடும்போது உள்ளே ஒரு பருத்தித் துணிக் கையுறை இருக்கட்டும். ரப்பர் கையுறைக்கே சிலருக்கு ஒவ்வாமை வரும், அவர்களுக்குப் பிளாஸ்டிக் கையுறை. காஸ்டிக் சோடா வேலையில் கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது. கையுறை வாங்கும் செலவைத் தனி ஆளின் செலவாக்காமல் தொழில் செலவில் சேர்த்து விலை போடுங்கள். இதை உங்கள் குழுவின் தீர்மான நோட்டில் எழுதலாம்.

வேலை முடிந்ததும் வெறும் தண்ணீரில் கழுவி, ஒற்றித் துடைத்து, ஈரம் காயும் முன்பே தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவுங்கள். ராத்திரி படுக்கும் முன் இன்னொரு தடவை. புண்ணில் சுண்ணாம்பு, பல்பொடி, நீலம் எதுவும் வேண்டாம்.

மருந்துக் கடையில் "அரிப்புக்கு ஒரு ஆயின்மெண்ட்" என்று கேட்டு வாங்குவதை நிறுத்த வேண்டும். அதில் ஸ்டீராய்டு இருக்கும். ரெண்டு நாளில் அரிப்பு நின்றுவிடும், அதனால் நல்ல மருந்து என்று நினைத்து வருஷக் கணக்கில் தடவுகிறோம். தோல் காகிதம் மாதிரி மெலிந்துவிடும். படர்தாமரையில் தடவினால் உடம்பெல்லாம் பரவும். இவ்வகை மருந்துகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018-இல் உத்தரவு போட்டது. மருத்துவர் எழுதிக் கொடுத்தால் தைரியமாகத் தடவலாம், அவர் சொன்ன நாளுக்கு மட்டும்.

ரெண்டு வாரத்தில் ஆறாத கைப் புண், திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் வரும் புண் இருந்தால் தேவகோட்டை அரசு ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். அங்கிருந்து சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரிக்கோ மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரிக்கோ தோல் பிரிவுக்கு எழுதிக் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். பேட்ச் டெஸ்ட் என்றால் ஊசி கிடையாது. சந்தேகப்படும் பொருள்களைச் சின்னச் சின்னப் பொட்டாக முதுகில் ஒட்டுவார்கள். ரெண்டு நாள் முதுகில் தண்ணீர் படக் கூடாது, குனிந்து நிமிரும் கனத்த வேலை கூடாது. பிறகு எடுத்துப் பார்த்து, மறுபடி ஓரிரு நாள் கழித்தும் பார்ப்பார்கள். ஆக ஒரே வாரத்தில் மூன்று தடவை போக வேண்டியிருக்கும். நடவு, அறுப்பு நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள். பஸ் செலவுக்குக் குழுவில் உள்கடன் கேட்கலாம்.

போகும்போது சந்தேகப்படும் கம்மல், ஊக்கு, சோப்பு உறை, வேலையில் தொடும் சாயப் பொட்டலம், இதுவரை தடவிய ஆயின்மெண்ட் டியூப் எல்லாவற்றையும் ஒரு மஞ்சப் பையில் போட்டு எடுத்துப் போங்கள். எந்த வேலையில் கூடுகிறது, லீவு நாளில் குறைகிறதா என்று மருத்துவர் கேட்பார். அதை இன்றையில் இருந்தே ஒரு தாளில் தேதி போட்டு எழுதி வையுங்கள்.